நாட்டிங் ஹில்லில் ஒரு ஞாயிறு மதியச் சாப்பாடு: பப்புக்கா, உணவகத்துக்கா?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. அக்டோபரில் மகள் வீட்டுக்கு லண்டன் வருகிறீர்கள், வீடு நாட்டிங் ஹில் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேஸ்ட்ரோபப்புக்கும் (நல்ல சாப்பாட்டுக்காகவே ஆட்கள் தேடிப்போகும் பப்), இன்னொரு நாள் மாலை ‘மாடர்ன் பிரிட்டிஷ்’ உணவகத்துக்கும் கூட்டிப்போவதாக மாப்பிள்ளை சொல்கிறார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம், குடிப்பழக்கம் இல்லாத குடும்பம் பப்புக்குள் போகலாமா, சுத்த சைவரான உங்கள் வீட்டுக்காரருக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, உப்பும் காரமும் இல்லாத சாப்பாட்டுக்கு இவ்வளவு பணமா என்ற சந்தேகமும் இருக்கிறது.

தாராளமாகப் போகலாம். இங்கே பப் என்பது நம் ஊர் ஒயின்ஷாப் மாதிரி இடம் இல்லை. பாட்டி, பேரன், நாய்க்குட்டி சகிதமாக வந்து உட்காரும் இடம். பெரியவர்கள் கூட இருந்தால் சாப்பிட வரும் குழந்தைகளுக்கும் பெரும்பாலான பப்புகளில் அனுமதி உண்டு. குடிக்க எலுமிச்சை சோடாவோ இஞ்சி பியரோ கேட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இஞ்சி பியர் என்பது பெயர்தான் அப்படி, அது பெரும்பாலும் மது இல்லாத பானம். ஒன்றும் வேண்டாமென்றால் குழாய்த் தண்ணீர் கேளுங்கள். மது உரிமம் வைத்திருக்கும் இடம் அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கிலாந்தில் சட்டம்.

வித்தியாசம் என்னவென்று தெரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிரிட்டிஷ் சாப்பாட்டுக்குக் கெட்ட பெயர் வந்ததில் பொய் ஒன்றும் இல்லை. 1940-ல் தொடங்கிய ரேஷன் 1954 வரை நீடித்தது. வெண்ணெய், முட்டை, இறைச்சி எல்லாம் அளந்து கொடுக்கப்பட்டன. ஊருக்கு ஊர் மாறுபட்ட பாலாடைக்கட்டிகளைச் செய்துவந்தவர்களின் பாலெல்லாம் அரசாங்கத்தின் ஒரே மாதிரியான செட்டார் கட்டிக்குப் போனது. ஒரு தலைமுறை சமையலறையில் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொள்ளாமலே வளர்ந்தது. அந்தத் தலைமுறை சமைத்ததைச் சாப்பிட்டவர்கள் ஊருக்குத் திரும்பிச் சொன்ன கதைதான் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது.

திருப்பம் வந்தது எண்பதுகளில். அதில் நீங்கள் தங்கப்போகும் பகுதிக்கே பெரிய பங்கு உண்டு. கென்சிங்டன் சர்ச் ஸ்ட்ரீட்டில் 1984-ல் சாலி கிளார்க் ஓர் உணவகம் திறந்தார். கலிபோர்னியாவில் பார்த்துப் பழகிய முறைப்படி, அப்போது இரவு சாப்பாட்டுக்குத் தேர்வே இருக்கவில்லை. அன்றைக்கு எது நன்றாகக் கிடைத்ததோ அதுதான் எல்லோருக்கும். அதே சாலையில் 1987-ல் கென்சிங்டன் பிளேஸ் வந்தது. ரௌலி லீ சமையல், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, மேசைத்துணி இல்லை, சந்தைக்கடை இரைச்சல். அதுவரை நல்ல சாப்பாடு என்றால் பிரெஞ்சு மெனு, கனத்த திரைச்சீலை, தாழ்ந்த குரல். அந்தச் சடங்குகளை எல்லாம் கழற்றிப்போட்டதில்தான் இன்று மாடர்ன் பிரிட்டிஷ் என்று சொல்லப்படுவது தொடங்குகிறது. இதற்கென்று வரையறுத்த சமையல் குறிப்புகள் கிடையாது. இந்தத் தீவுகளில் விளைவதை, அது விளையும் பருவத்தில், மசாலாவால் மூடாமல் பரிமாறுவது, அவ்வளவுதான். சமைப்பவர் எந்த நாட்டுக்காரராகவும் இருக்கலாம்.

கேஸ்ட்ரோபப்பின் பிறப்போ சமையலறையில் இல்லை, ஒரு சட்டத்தில். எண்பதுகளின் இறுதிவரை நாட்டின் பப்புகளில் பெரும்பங்கு சில பெரிய பியர் ஆலைகளின் சொத்து. நடத்துபவர் அந்த ஆலையின் பியரைத்தான் வாங்க வேண்டும், சாப்பாட்டைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. 1989-ல் அரசு ஓர் ஆணை போட்டது. 2000 பப்புகளுக்கு மேல் வைத்திருக்கும் ஆலை, அதற்கு மேற்பட்டவற்றில் பாதியை விற்க வேண்டும் அல்லது தன் பியரைத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். ஏராளமான பப்புகள் கைமாறின. உணவகம் தொடங்கக் காசு இல்லாத சமையல்காரர்களுக்கு அது ஒரு வாசலைத் திறந்துவிட்டது. டேவிட் அயர், மைக்கேல் பெல்பன் என்ற இருவர் 1991-ல் கிளார்க்கன்வெல் பகுதியில் ஃபேரிங்டன் ரோட்டிலிருந்த ‘தி ஈகிள்’ என்ற பழைய பப்பை எடுத்தார்கள். சமையலறைக்கு இடமில்லாததால் பார் மேசைக்குப் பின்னாலேயே அடுப்பு. அச்சடித்த மெனு இல்லை, கரும்பலகை. ஒன்றுக்கொன்று பொருந்தாத பழைய நாற்காலிகள். பாரில் போய்ச் சொல்லி, அங்கேயே காசு கொடுத்துவிட்டு உட்கார வேண்டும். இன்று லட்சக்கணக்கில் செலவழித்து ‘பழைய பப் தோற்றம்’ கொண்டுவருகிறார்களே, அதெல்லாம் அன்று காசில்லாததால் வந்த தோற்றம்!

அந்த முதல் கேஸ்ட்ரோபப் பரிமாறியது பிரிட்டிஷ் சாப்பாடு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். போர்ச்சுகல், இத்தாலி, ஸ்பெயின் பக்கத்துச் சமையல் அது. அங்கே பேர்பெற்றது பிஃபே அனா என்ற போர்ச்சுகீசிய பாணி மாட்டிறைச்சி சாண்ட்விச். பப் சாப்பாட்டுக்கு ‘பிரிட்டிஷ்’ முகம் வந்தது இன்னொரு இடத்திலிருந்து. 1994-ல் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தைக்குப் பக்கத்தில், முன்பு பன்றி இறைச்சியைப் புகையில் பதப்படுத்திய கட்டடத்தில், ஃபெர்கஸ் ஹெண்டர்சனும் டிரெவர் கலிவரும் செயின்ட் ஜான் உணவகத்தைத் தொடங்கினார்கள். ஹெண்டர்சன் படித்தது கட்டடக் கலை. வெள்ளையடித்த சுவர், படம் இல்லை, பாட்டு இல்லை. ஆட்டையோ பன்றியையோ கொன்றால் மூக்கு முதல் வால் வரை சாப்பிடுவதுதான் மரியாதை என்பது அவர் கொள்கை. அங்கே இன்றுவரை மெனுவை விட்டு இறங்காத தட்டு ஒன்று இருக்கிறது. வறுத்த கன்றுக்குட்டி எலும்புத் துண்டுகளை நிமிர்த்தி வைத்திருப்பார்கள். பக்கத்தில் சுட்ட ரொட்டி, கல் உப்பு ஒரு சிறு குவியல், எலுமிச்சையும் கேப்பரும் சேர்த்துப் பிசறிய பார்ஸ்லி இலை. நீளமான மெல்லிய கரண்டியால் மஜ்ஜையைத் தோண்டி ரொட்டியில் தடவி, மேலே உப்பைத் தூவிச் சாப்பிட வேண்டும். நல்லி எலும்பை உறிஞ்சியும் குடல் குழம்பு சாப்பிட்டும் வளர்ந்த நமக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. லண்டன்காரர்களுக்குத்தான் தங்கள் பாட்டிமார் சாப்பிட்டதை மறுபடி அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. சிறந்த உணவகங்களுக்கு மிஷலின் வழிகாட்டி தரும் நட்சத்திரமும் (அதிகபட்சம் மூன்று) 2009-ல் செயின்ட் ஜானுக்கு ஒன்று கிடைத்தது.

செயின்ட் ஜானில் பழகியவர்கள் ஊரெங்கும் பரவினார்கள். அதன் கிளையில் தலைமைச் சமையல்காரராக இருந்த டாம் பெம்பர்டன் 2007-ல் நாட்டிங் ஹில்லுக்குப் பக்கத்தில், பழைய கறிக்கடை ஒன்றில் ஹியர்ஃபோர்ட் ரோடு என்ற உணவகத்தைத் திறந்தார். இன்று எந்த கேஸ்ட்ரோபப் மெனுவிலும் ‘நாக்கு, பீட்ரூட், ஹார்ஸ்ராடிஷ்’ என்று வெறும் மூன்று சொல்லில் ஒரு பதார்த்தம் எழுதியிருந்தால், அது செயின்ட் ஜானிலிருந்து வந்த பழக்கம்.

ஆக, பிறந்த இடம் வேறு வேறு, ஆனால் சமையல் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. பணக்காரப் பகுதிகளில் அந்த மிச்சமிருக்கும் வித்தியாசமும் தேய்ந்துகொண்டே வருகிறது. காரணம் நிலத்தின் விலை. செல்சியிலோ கென்சிங்டனிலோ ஒரு பழைய பப் கட்டடம் பப்பாக இருப்பதைவிட வீடாக மாறினால் பல மடங்கு மதிப்பு. செல்சியின் கிராஸ் கீஸ் அப்படித்தான் 2012-ல் மூடப்பட்டது. அதை வீடாக்கும் முயற்சிக்கு அனுமதி கிடைக்காததால் 2015-ல் மறுபடி பப்பாகத் திறந்தது. வெறும் பியர் விற்று அந்த வாடகையைக் கட்ட முடியாது. அதனால் சாப்பாட்டு மேசைகள் பெருகும், பாரில் நிற்கும் இடம் சுருங்கும். நான் ஓர் இடம் பப்பா, பப் வேஷம் போட்ட உணவகமா என்று பார்க்க வைத்திருக்கும் சோதனை எளிது. புக்கிங் இல்லாமல் உள்ளே போய், அரை பைன்ட் (ஒரு சின்னக் கிளாஸ்) பியர் வாங்கி, சாப்பிடாமல் நின்றுகொண்டிருக்க விடுகிறார்களா? வாசலிலேயே ஒருவர் டேப்லெட்டோடு வழிமறித்து “எந்தப் பெயரில் புக் செய்திருக்கிறீர்கள்?” என்றால், சாப்பாடு பிரமாதமாக இருக்கலாம், ஆனால் அது பப் இல்லை.

இந்தக் கணக்கில் நாட்டிங் ஹில்லில் எனக்குப் பிடித்தது வெஸ்ட்போர்ன் பார்க் ரோட்டில் இருக்கும் ‘தி கௌ’. டாம் கான்ரன் 1995-ல் எடுத்து நடத்தத் தொடங்கியது. கீழே நெருக்கமான பார், கின்னஸ், சிப்பி. மேலே சாப்பாட்டு அறை. வடிவமைப்பாளரும் உணவக முதலாளியுமான டெரன்ஸ் கான்ரனின் மகன் அவர். அப்பா லண்டனில் பெரிய பெரிய உணவகங்களாகக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் மகன் இந்தச் சின்ன இடத்தோடு நின்றது எனக்குப் பிடிக்கும். அக்டோபரில் நாட்டுச் சிப்பிக்குப் பருவம்தான். பச்சையாகச் சாப்பிடத் தயக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

ஆல் செயின்ட்ஸ் ரோட்டில் ‘தி பெலிக்கன்’ இருக்கிறது. பழைய பப், 2022-ல் புதுப்பித்துத் திறந்தார்கள். ரொட்டி மேல் கொத்துக்கறி போன்ற பழைய எளிய பதார்த்தங்களை நல்ல இறைச்சியில் செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். இடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் அந்தத் தெருவில் நடக்கும்போது எட்டாம் எண் வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அங்கேதான் டிரினிடாட்டிலிருந்து வந்த ஃபிராங்க் கிரிச்லோ 1968-ல் ‘மேங்குரோவ்’ உணவகத்தைத் திறந்தார். அப்போது இந்தப் பகுதி கரீபியத் தீவுகளிலிருந்து வந்த ஏழைகள் ஒரே அறையில் குடும்பத்தோடு நெருங்கி வாழ்ந்த இடம். வீட்டுக்காரர்கள் கொள்ளை வாடகை வாங்கினார்கள். 1958-ல் வெள்ளைக் கும்பல்கள் இதே தெருக்களில் கறுப்பர்களை அடித்திருந்தன. மேங்குரோவ் அந்த மக்கள் கூடும் இடமானதும் போலீஸ் 1969 ஜனவரிக்கும் 1970 ஜூலைக்கும் நடுவில் 12 முறை சோதனை போட்டது. எதிர்த்து 1970 ஆகஸ்ட் 9 அன்று ஊர்வலம் போனார்கள், ஒன்பது பேர் மீது கலவர வழக்கு. 55 நாள் விசாரணைக்குப் பிறகு 1971-ல் எல்லோரும் கலவரக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. போலீஸ் தரப்பிலும் இன வெறுப்பு இருந்ததை ஒரு நீதிபதி வாய்விட்டுச் சொன்ன முதல் வழக்கு அது. இன்று அதே தெருவில் ஒரு தட்டு முப்பது பவுண்டு. ‘பகுதியின் பாரம்பரியம்’ என்று விளம்பரத்தில் எழுதும்போது எந்தப் பாரம்பரியம் என்று கேட்கத் தோன்றும்.

மாலை உணவகத்துக்கு வருவோம். கென்சிங்டன் பார்க் ரோட்டில் கிளேர் ஸ்மித் 2017-ல் திறந்த ‘கோர்’ 2021-ல் மூன்று மிஷலின் நட்சத்திரம் பெற்றது. பிரிட்டிஷ் பெண் ஒருவர் சொந்த உணவகத்துக்கு அதை வாங்கியது அதுவே முதல் முறை. பக்கத்திலேயே லெட்பரி ரோட்டில் ஆஸ்திரேலியரான பிரெட் கிரஹாம் நடத்தும் ‘தி லெட்பரி’, 2024-ல் மூன்றாம் நட்சத்திரம். கோரில் பேர்போனது ஓர் உருளைக்கிழங்கு! ஸ்மித் வட அயர்லாந்து விவசாயக் குடும்பத்துப் பெண். சின்ன சார்லட் உருளைக்கிழங்கைக் கடற்பாசியோடு நிதானமாக வேகவைத்து, மேலே மீன் சினை முத்துகளும் மெல்லிய கிழங்குச் சீவலும் அடுக்கி, வெண்ணெய் சாஸ் ஊற்றுகிறார். பிரெஞ்சு பாணி ஆடம்பரத்தில் ட்ரஃபிளும் லாப்ஸ்டரும் உட்கார்ந்திருந்த இடத்தில் உருளைக்கிழங்கை உட்கார வைத்ததுதான் இந்த முப்பது வருடப் பயணத்தில் நடந்த காரியம். ஆளுக்கு 200 பவுண்டுக்கு மேல் ஆகும், மாப்பிள்ளையின் பர்ஸைப் பொறுத்தது. என் யோசனை, மதியம் போவதானால் போங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தில் மூன்று நல்ல பப் சாப்பாடு சாப்பிடலாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நாட்டிங் ஹில்லிலிருந்து கொஞ்சம் தெற்கே, ஃபுல்ஹாமில் ‘ஹார்வுட் ஆர்ம்ஸ்’. தெருமுனை பப். அதே பிரெட் கிரஹாமுக்கு இதிலும் பங்கு. 2010 மிஷலின் பட்டியலில் நட்சத்திரம் பெற்றது, லண்டன் பப்புகளில் முதலாவது. மான் இறைச்சி, காட்டுப் பறவைகள்தான் அதன் பலம். முட்டையைச் சுற்றி மான் கொத்துக்கறி பூசிப் பொரித்த ஸ்காட்ச் எக்கை வாங்குவதற்கென்றே ஆட்கள் போனார்கள். செல்சிப் பக்கம் போனால் கிங்ஸ் ரோட்டில் ‘கடோகன் ஆர்ம்ஸ்’ உண்டு. 2021-ல் அதைப் புதுப்பித்துத் திறந்தவர்கள் சேத்தி குடும்பத்தின் ஜேகேஎஸ் நிறுவனம். ஆப்பமும் தோசையும் கொத்து ரொட்டியும் போடும் சோஹோவின் ‘ஹாப்பர்ஸ்’ உணவகத்தை 2015-ல் தொடங்கியதும் இதே ஆட்கள்தான். லண்டனில் இன்று சுத்த பிரிட்டிஷ் பப்பை மீட்டெடுப்பது இந்திய வம்சாவளிக் குடும்பமாக இருப்பதில் யாருக்கும் வியப்பு இல்லை.

சைவ விஷயத்தை மட்டும் கவனமாகப் படியுங்கள். மெனுவில் காய்கறி என்று இருப்பதெல்லாம் சைவம் அல்ல. சிப்ஸை (இங்கே அது விரல் விரலாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு) மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் பப்புகள் நிறைய, அதைப் பெருமையாகவே சொல்வார்கள். ஞாயிறு ரோஸ்ட் என்பது அடுப்பில் வாட்டிய இறைச்சியும் காய்கறியும் கிரேவியும் சேர்ந்த ஞாயிறு மதியச் சாப்பாடு; அதோடு வரும் உருளைக்கிழங்கு மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ வறுபட்டிருக்கும். கிண்ணம் மாதிரி உப்பி நிற்கும் யார்க்ஷயர் புட்டிங் மாவு, முட்டை, பால் கலந்ததுதான், ஆனால் அதை ஊற்றுவது கொதிக்கும் கொழுப்பில். வூஸ்டர் சாஸில் புளியும் இருக்கிறது, கூடவே நெத்திலி மீனும் இருக்கிறது. பழைய முறை பாலாடைக்கட்டிகளில் கன்றின் இரைப்பைச் சாறு சேர்ந்திருக்கும்.

“அலர்ஜி அட்டையைப் பார்த்துக்கொள்ளலாம்” என்று மாப்பிள்ளை சொல்வார். அது போதாது. சட்டப்படி அறிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் பால், முட்டை, மீன், கடுகுகூட இருக்கின்றன. மாட்டுக் கொழுப்பு இல்லை. வூஸ்டர் சாஸ் சேர்ந்தால் ‘மீன்’ என்று அட்டை காட்டிக்கொடுத்துவிடும், கொழுப்பில் பொரித்த சிப்ஸ் அதில் அகப்படாது. அதனால் வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்: சிப்ஸ் எதில் பொரிக்கிறீர்கள், சைவ ரோஸ்டின் கிழங்கு தனியாக வறுத்ததா, கிரேவி தனியா? கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். நல்ல சமையலறைக்கு இந்தப் பதில் உடனே தெரிந்திருக்கும். பரிமாறுபவர் தயங்கினால் உள்ளே போய்க் கேட்டுவரச் சொல்லுங்கள். அக்டோபர் சைவர்களுக்கு மோசமான மாதமும் இல்லை. காட்டுக் காளான், பரங்கி, செலரியாக் கிழங்கு, பிராம்லி ஆப்பிள் எல்லாம் வரும் நேரம். சைவ ‘பை’ (மாவால் மூடிச் சுட்ட பதார்த்தம்) இருந்தால் அதன் மேல்மாவு வெண்ணெயிலா, மாட்டுக் கொழுப்பிலா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

மாட்டிறைச்சி வேண்டாமென்றால் ஞாயிறு ரோஸ்டில் கோழி, ஆடு, பன்றி என்று வேறு தேர்வுகள் இருக்கும். மாடு சாப்பிடுபவர்களாக இருந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக வரும், வேகவில்லை என்று திருப்பி அனுப்ப வேண்டாம், அதுதான் பக்குவம். காரம் வேண்டுமென்றால் ஹார்ஸ்ராடிஷ் என்ற வேரில் செய்த சாஸ் கேளுங்கள். நாக்கில் அல்ல, மூக்கு உச்சியில் ஏறும் காரம். கௌதாரியும் ஃபெசன்ட்டும் க்ரௌஸும் அக்டோபரில் மெனுவில் இருக்கும். சுட்டுக் கொன்ற பறவைகள் என்பதால் சதைக்குள் சின்ன ஈயக் குண்டு தங்கியிருக்கலாம், மெதுவாகக் கடியுங்கள். க்ரௌஸின் வாசம் ரொம்பக் காட்டமானது. முதல் முறைக்குக் கௌதாரி போதும்.

காசு விஷயம். இந்தப் பகுதியில் ரோஸ்ட் ஒன்று பெரும்பாலும் 25 முதல் 35 பவுண்டு. 20 சதவீத வாட் வரி விலைக்குள்ளேயே இருக்கிறது, பில்லில் தனியாக ஏறாது. ஏறுவது சர்வீஸ் சார்ஜ், 12.5 சதவீதம், இப்போது பல இடங்களில் 15. ‘விருப்பத்துக்குட்பட்டது’ என்று போட்டிருந்தால் எடுக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் 2024 அக்டோபர் முதல் அந்தப் பணம் முழுக்க ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது, அதனால் நான் எடுக்கச் சொல்வதில்லை. அதைக் கொடுத்த பிறகு மேலே டிப்ஸ் வைக்கத் தேவையில்லை. பாரில் போய் வாங்கும் பானத்துக்கும் தேவையில்லை.

ஞாயிறு ரோஸ்ட் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும். பிரபலமான பப்புகளில் மூன்று, மூன்றரைக்கே மாடு தீர்ந்துவிட்டது என்பார்கள். அதனால் பன்னிரண்டரைக்கு மேசை பிடிக்கச் சொல்லுங்கள், பெலிக்கன் மாதிரி இடமென்றால் சில வாரங்களுக்கு முன்பே. புக் செய்யும்போது குறிப்பு எழுதும் கட்டத்தில் “ஒருவர் சைவம், மீனும் விலங்குக் கொழுப்பும் கூடாது” என்று எழுதச் சொல்லிவிடுங்கள். அன்று காலையே அவருக்கான கிழங்கைத் தனித் தட்டில் எண்ணெயில் வைத்துவிடுவார்கள்.